வரிசைக் குடங்களுக்குக் காவல்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இன்று காலை பரணில் பெயிண்ட் டப்பா தேடும்போது ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் தலையில் விழுந்தது. உள்ளே மூக்கை விட்டேன். பாசி வாசம் இன்னும் கொஞ்சம் இருந்தது. தொண்ணூறுகளில் கோயம்புத்தூர் கணபதியில் நான் குடியிருந்த லைன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோக அது போதும்.

அப்போது பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் மட்டும் ஓவியன். தினமும் ஒரு படம் போடுவதென்று பெரிய டிராயிங் நோட்டு வாங்கினேன். அதன் அகலத்தைப் பார்த்தே பயந்து, சீக்கிரமே பாய்க்கு அடியில் வைத்துவிட்டேன். பிறகு மருதமலைக்குப் போய், படம் போடாமல் டீ குடிப்பதில்லை என்று வேண்டிக்கொண்டேன். நின்றுகொண்டு குடித்தால் கணக்கில்லை என்று அந்த வாரமே எனக்கு நானே சலுகையும் கொடுத்துக்கொண்டேன்.

கடைசியில் தேதி காலண்டர் கைகொடுத்தது. கிழித்த தாளின் பின்பக்கம் உள்ளங்கை அளவுதான், பயமில்லை. ஆனால் எதை வரைவது? ஆட்களைப் பார்த்து வரையக் கூச்சம். அவர்கள் திரும்பினால் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வானத்தைப் பார்ப்பேன்.

குடங்கள் திரும்பிப் பார்க்காது. தெருக்குழாயில் காலை ஆறு மணிக்குச் சிறுவாணித் தண்ணீர் வரும். (அதன் ருசியைப் பேச ஆரம்பித்தால் கோயம்புத்தூர்க்காரன் நிறுத்த மாட்டான், விட்டுவிடுகிறேன்.) அதற்கு முன்பே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. நான் எதிர்ப்படியில் உட்கார்ந்து வரைவேன், மனம் வந்த நாளில் மட்டும்.

ஒரு நாள் முதலில் நின்ற ராமாத்தாள் அக்காவின் பித்தளைக் குடம் மற்றதையெல்லாம் மறைத்தது. படம் நன்றாக அமையட்டும் என்று அதைத் தூக்கிக் கடைசியில் வைத்தேன். பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் பச்சைக் குடம் முதலிடத்துக்கு வந்தது. வரைந்த சந்தோஷத்தில் மாற்றி வைக்க மறந்துவிட்டேன்.

தண்ணீர் வந்தது, கூடவே சண்டையும் வந்தது. அக்காமார் இருவரும் கல்யாணத்துக்கு முந்தைய கதைகள் வரைக்கும் போய்விட்டார்கள். எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"நாந்தானுங்க்கா மாத்தி வெச்சுப்போட்டேன். படத்துக்கு எடுப்பா இருக்குமுன்னு..."

ராமாத்தாள் அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, உங்க படத்துல தண்ணி வருமுங்களா?"

தெருவே சிரித்தது. இத்தோடு என் ஓவியம் முடிந்தது என்று பென்சிலைப் பையில் போட்டேன். ராமாத்தாள் அக்கா விடவில்லை.

"எங்கீங்க போறீங்க? இனி தெனமும் வந்து உக்காரோணும். குடத்துக்கு நீங்கதான் காவலு. வரிசை மாறுச்சுன்னா உங்களத்தான் கேப்போம்."

அதன் பிறகு ஒரு நாள் தூங்கிவிட்டால் கதவைத் தட்டுவார்கள். காய்ச்சல் என்றால் கஷாயம் வரும். குடித்துவிட்டுப் போர்வையோடு போய் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வருமே என்று வரைவேன். மருதமலையில் வேண்டியும் வராத ஒழுங்கு ராமாத்தாள் அக்காவின் வாய்க்குப் பயந்து வந்தது. குடத்தின் வாய் வட்டம் கோணாமல் வர ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. சரோஜா அக்கா எவர்சில்வர் குடம் வாங்கியபோது பழையதை என்னிடம் நீட்டினார். "இதத் தனியா வெச்சுப் படம் போடுங்க, சண்ட வராது."

இப்போது வீட்டுக்கு வீடு குழாய். தெருக்குழாய் இருந்த இடத்தில் யாருடைய வண்டியோ நிற்கிறது. ராமாத்தாள் அக்கா ஈரோட்டில் மகன் வீட்டு மூன்றாம் மாடியில் இருக்கிறார். நான் தூங்கினால் தட்ட ஆளில்லை. தட்டுவார்களோ என்று முழிப்பு மட்டும் வந்துவிடுகிறது.

விழுந்த குடத்தைக் கழுவி வாசலில் வைத்து, எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதினேன். சேர்த்து வைத்திருந்த தேதித்தாள்களோடு இன்றைய தாளும் எழுத்தாகிவிட்டது, இன்றைய படத்துக்கு இடமில்லை. ராமாத்தாள் அக்கா இங்கே இருந்தால் விடமாட்டார். நாளைய தாளை இப்போதே கிழிக்கிறேன்.

ஆவணி பதினெட்டு, வியாழக்கிழமை.