பதினொரு மாப்பிள்ளைகளைத் தின்ற கதை

ஒரே மாலையில் பதினொரு மாப்பிள்ளைகளைத் தின்றவன் நான். கடலை மாவில் முக்கி, எண்ணெயில் பொரித்து, மிளகாய் இடித்த கட்டச் சம்பலோடு. மனைவி சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பால் சேர்க்காத ஒரு பிளேன்டியையும் குடித்துக்கொண்டு, "காய்க்காத பூவுக்கு இதுதான் சரியான மரியாதை" என்று வியாக்கியானம் வேறு சொன்னேன். தின்றது யாரை என்று அப்போது எனக்குத் தெரியாது. கால் மணித்தியாலம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீடு அம்பிட்டியாவில் ஒரு சரிவில் இருக்கிறது. பின்பக்கம் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு முற்றம். அங்கே கூரை கொஞ்சம் நீண்டிருக்கும் இடத்தில், சுவரோரமாக, மனைவி உடுப்புக் காயப்போடும் கயிறு. ஹந்தானை மலைப் பக்கம் மேகம் இறங்கினால் எங்கள் ஊரில் நான் இடுப்பில் கட்டும் சாரம் காய மூன்று நாள் எடுக்கும். நனையாத, காற்றும் வருகிற ஒரு கயிறு அவளுக்கு நகை மாதிரி.

அந்தக் கயிற்றுக்குக் கீழேதான் நான் பூசணி விதை போட்டேன். விதை கொடுத்தவன் ஹேவாஹெட்டயில் இருக்கும் மச்சான், மனைவியின் தம்பி. அவன் வீட்டுப் பூசணியை இரண்டு பேர் தூக்க வேண்டும். என் கைராசி வேறு மாதிரி. என் கையில் கறிவேப்பிலை செத்திருக்கிறது. புதினாவே செத்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக நான் போட்ட விதை ஒன்று முளைத்து, இலை விட்டு, கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்து, கூரையில் ஏறி, தண்ணீர்த் தாங்கியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில், மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்களிடம் எல்லாம் அதன் படத்தைக் காட்டினேன். கண் தெரியாதவர்கள் என்பதால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

மூன்று மாதம். இலை இருந்தது, பூ இருந்தது, காய் மட்டும் இல்லை. மூன்று தடவை எலுமிச்சங்காய் அளவில் பிஞ்சு வந்து, மஞ்சளாகி, விழுந்தது. ஈரச் சாரங்கள் சாப்பாட்டு மேசைக் கதிரைகளின் முதுகில் தொங்கின. கடைசியில் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். ஒரு காய், ஒரே ஒரு காய் காட்டுங்க. இல்லன்னா நான் கத்திய எடுத்துருவேன். எனக்குக் கயிறு வேணும்."

இது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் அந்தப் பூசணிப்பூ பஜ்ஜியும். தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, மச்சானுக்குப் போன் போட்டேன். நீ கொடுத்தது என்ன விதையடா என்று கேட்கத்தான்.

"விதையில ஒன்னும் இல்ல மச்சான்" என்றான். "ரெண்டு வகைப் பூ இருக்குமே, பாத்தீங்களா? அடியில குட்டிக் காய் ஒட்டியிருந்தா அது பொம்பளப் பூ. நீட்டுக் காம்போட வெறும் பூவா இருந்தா ஆம்பளப் பூ. வண்டு வரலன்னா நாமதான் காலையில ஆம்பளப் பூவப் பிச்சு, பொம்பளப் பூவுக்குள்ள தேய்க்கணும். வெயில் ஏறினா பூ மூடிக்கும், அதுக்குள்ள செஞ்சுருங்க. ஆம்பளப் பூ நெறைய இருக்கும்தானே?"

நான் தட்டைப் பார்த்தேன். தட்டில் கொஞ்சம் பொரித்த மாவு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருந்துச்சு" என்றேன்.

"இருந்துச்சுன்னா?"

பக்கத்தில் நின்ற மனைவி போனுக்குக் கேட்கும்படி சொன்னாள்: "பதினொன்னு தின்னாரு. பன்னெண்டாவது எனக்கு."

மறுமுனையில் மச்சான் சிரித்த சிரிப்பில் அவன் குடியிருக்கும் தோட்ட லயத்து நாய் குரைத்தது.

போனை வைத்துவிட்டு ஓடிப்போய்க் கொடியைப் பார்த்தேன். ஒரு பெண் மொட்டு இருந்தது. அடியில் குட்டிக் காய், நுனியில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது, விடிந்தால் விரிந்துவிடும். ஞாயிறுக்கு முன் விரியக்கூடியது அது ஒன்றுதான். ஆண் மொட்டு என்று தேடினால், எல்லாம் பச்சையாக, பள்ளிக்கூடம் போகிற வயதில் நின்றன. விரிய இருந்த மொட்டுகளையும் சேர்த்தே மனைவி பொரித்திருந்தாள்; கலியாண வயதில் இருந்த அத்தனை பேரும் எனக்குள்ளே இருந்தார்கள்.

விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பார்த்தேன். பொம்பளப் பூ விரிந்து, வாயைத் திறந்து, காத்துக்கொண்டிருந்தது. மெல்லிய தூறல் வேறு. நான் முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தேன். பிரசவ வாட்டுக்கு வெளியே நின்றபோதுகூட அவ்வளவு நடந்ததில்லை. அப்போதுதான் கீழே பார்த்தேன்.

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், சரிவில் கீழ்வீட்டுக் கூரை. டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் வீடு. அவருடைய குசினிக் கூரை மேலே ஒரு பூசணிக் கொடி படர்ந்து கிடக்கிறது. அதில் நாலைந்து பூ, ஒவ்வொன்றும் நீட்டுக் காம்பில் நிமிர்ந்து, சினிமாக் கதாநாயகன் மாதிரி நிற்கிறது.

போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம். ஆனால் காலை ஆறு மணிக்கு ஒரு மனிதரை எழுப்பி என்னவென்று கேட்பது? உங்கள் வீட்டு ஆம்பிளை ஒன்று வேண்டும் என்றா? வெட்கமாக இருந்தது. அதனால் குடையை எடுத்தேன். சுவர் மேலே வயிறு பட, குப்புறப் படுத்தேன். குடையின் வளைந்த பிடியால் ஒரு பூவைக் கொக்கி போட்டு இழுக்கலாம் என்பது திட்டம். திட்டம் நல்லதுதான். பதினொரு பஜ்ஜி தின்ற வயிறு அதற்கு ஒத்துழைக்கவில்லை. சாரம் பின்னால் ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. குடை மட்டும் தானாகவே விரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நானா பள்ளிவாசலிலிருந்து வந்தார். தலையில் தொப்பி, கையில் பாண் பை. நின்றார். குடையைப் பார்த்தார். குடைக்குப் பின்னால் இருந்த என் முகத்தைப் பார்த்தார்.

"எனத்த தம்பி இது?"

"ஒன்னும் இல்ல நானா. சும்மா."

"சும்மாவா? நான் குரங்குன்டு நெனச்சி கல்ல எடுக்கப் பாத்தேன். நல்ல காலம் குடய கண்டேன். குரங்கு குடை புடிக்கிறல்ல."

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. சுவரில் தொங்கியபடியே விஷயத்தைச் சொன்னேன். பெண் மொட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தீர்ப்பு, பஜ்ஜி, எல்லாம். அவர் பாண் பையை இறக்கி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப நீங்க மாப்புள கேட்டு வந்திருக்கிறீங்க" என்றார் கடைசியில். "அப்பிடி வாற ஆள் வாசலால வாரதானே. மதிலால ஏன் வாரீங்க?"

ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, தானே ஏறினார். நான் அவர் கைக்கெட்டிய ஒரு பூவைக் காட்டினேன்.

"அது சரியில்ல. காம்பு மெலிவு. ராவு மழையில நனஞ்சும் ஈக்கி." இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார், உள்ளே விரலை விட்டார், விரல் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியது. "இந்தா, இவன்தான் நல்ல பொடியன். இலைக்கிக் கீழ இருந்தான், நனயல்ல. ஆனா நானும் வருவேன். எங்கட பொடியன தனிய அனுப்ப ஏலா."

என் சாரத்தைக் கம்பியிலிருந்து அவிழ்த்து விட்டதும் அவர்தான்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் எங்கள் முற்றத்தில் நின்றோம். அவர் குடை பிடித்தார். நான் ஆண் பூவின் இதழ்களைக் கிழித்துப் போட்டேன். நடுவில் தூள் பூசிய ஒரு திரி நின்றது. அதைப் பெண் பூவுக்குள் விட வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் அது போதுமா என்று சந்தேகம். கடையில் கண்ணாடி துடைக்கும் மெல்லிய தூரிகை ஒன்று முந்தின நாள் மறதியாகச் சட்டைப்பையோடு வந்திருந்தது ஞாபகம் வந்து, திரியில் தொட்டு அதாலும் பூசினேன். பிறகு திரியாலும் தேய்த்தேன். பிறகு மறுபடி தூரிகை.

"போதும் தம்பி" என்றார் நானா. "பெயின்ட் அடிக்கிறீங்களா?"

தூறல் பெருத்தது. பூவுக்குள் தண்ணீர் போனால் தூள் கழுவுப்பட்டுவிடும், வாயைக் கட்டிவிட வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தான். நூல். நூலுக்கு எங்கே போவது? உள்ளே ஓடினேன். மனைவியின் தையல் பெட்டி பூட்டியிருந்தது. சாமியறையில் கோயிலிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் நூல் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, இதழ்களைக் குவித்து, மூன்று முடிச்சுப் போட்டேன். அவசரத்தில் எத்தனை முடிச்சு என்று யார் எண்ணுகிறார்கள்.

நிமிர்ந்தால், மனைவி இரண்டு கோப்பைத் தேநீரோடு நிற்கிறாள். பூவைப் பார்த்தாள். அதன் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"தாலியும் கட்டியாச்சா?"

நானா தேநீரை வாங்கிக்கொண்டார். "ஓ தங்கச்சி. இனி நாங்க சம்மந்தி. சீதனம் ஒன்டும் வேணாம், பொண்ண நல்லா பாத்துக்கொண்டா போதும்."

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாத்துக்குவேன் நானா" என்றாள் அவள்.

புதன், வியாழன், வெள்ளி. கடையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக் கொண்டே இருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்பேன். யார் என்பாள் அவள். ஒரு வாடிக்கையாளருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினேன், அவர் படி தடுமாறித் திரும்பி வந்தார். மாலையில் நான் வீட்டுக்குப் போகும் வழியில் நானா தன் வீட்டு மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, "மருமகள் சொகமா?" என்பார். பச்சையாக இருக்கிறது என்பேன். "மாஷா அல்லாஹ்" என்பார்.

சனிக்கிழமை காலை அது மஞ்சளாக இருந்தது. மத்தியானம் லேசாகத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது, கழுத்தில் கயிற்றோடு.

நான் பகிடி விடுகிற ஆள். செத்த வீட்டிலும் மூலையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். அன்றைக்கு அந்த எலுமிச்சங்காய் அளவுப் பிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, பகிடி எதுவும் விடாமல் மதிலடிக்குப் போனேன். மதிலுக்கு மேலாக நானாவிடம் காட்டினேன்.

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒங்கட புள்ளக்கி எங்கட பொடியன புடிக்கல்ல போல" என்றார். பிறகு, "நாளைக்கா வெட்டுற?"

"நாளைக்குத்தான்."

"என்ன வழக்கு அது? காய் இல்லண்டுதானா, கயிறு இல்லண்டுதானா?"

"கயிறுதான் நானா."

"ம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி சொன்ன சொல் தவறவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் கத்தியோடு வந்தாள். எனக்குப் பார்க்க விருப்பமில்லை. ஆனால் குசினி ஜன்னலால் பார்த்தேன். அடியை வெட்டுவதற்கு முன் கயிற்றிலிருந்து கொடியை உருவி எடுக்கப் பார்த்தாள். கூரைப் பக்கம் வந்தது. தாங்கிப் பக்கம் வரவில்லை. இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"இங்க வாங்க" என்றாள். "என்னமோ புடிச்சிக்கிட்டு இருக்கு."

தண்ணீர்த் தாங்கிக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய முடியாத இடைவெளி. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இலைகளை விலக்கினேன். அங்கே, சீமெந்துக் கட்டின் மேல் சாய்ந்தபடி, என் தலையை விடப் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. கரும்பச்சை, நடுநடுவே வெள்ளைத் திட்டு. குறைந்தது மூன்று நாலு கிழமை வயது. நான் தூரிகையும் நூலும் குடையுமாகக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இவள் ஏதோ ஒரு வண்டோடு காரியத்தை முடித்துக்கொண்டு ஒளிந்திருந்திருக்கிறாள்.

நான் மூக்குக்கண்ணாடி விற்பவன் என்பதை மனைவி அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தினாள்.

"ஒரு காய் காட்டச் சொன்ன" என்றேன். "காட்டிட்டேன்."

"நீங்க எங்க காட்டுனீங்க? நான் இழுத்தேன், அது காட்டுச்சு."

கத்தி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. காய் ஒரு பக்கம், கயிறு இன்னொரு பக்கம். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது வாசலால், இந்தமுறை முறைப்படி வாசலால், நானா வந்தார். தோளில் புது நீல நைலோன் கயிறு ஒரு சுருள், கையில் இரண்டு கொக்கி, ஒரு சுத்தியல். நேரே முன்பக்கம் மோட்டார் சைக்கிள் விடும் தகரக் கொட்டிலுக்குள் போனார். இந்தத் தூணில் ஒரு கொக்கி, அந்தத் தூணில் ஒரு கொக்கி. பத்து நிமிடத்தில் ஒரு கயிறு விறைப்பாக நின்றது. மேலே தகரம், நனையாது. இரண்டு பக்கமும் திறப்பு, காற்று வரும்.

"சீதனம் வேணாண்டு செல்லிட்டேன்தானே" என்றார். "இது மாப்புள பக்கத்தால."

மூன்று மாதம். கயிற்றை இன்னொரு இடத்தில் கட்டலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. அவளுக்கும் தோன்றவில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், அவள் இதை வாசிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில்.

நானாவைத் தாங்கிப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினோம். குனிந்து எட்டிப் பார்த்தார். விரலால் தட்டினார்.

"இது எங்கட பொடியன் இல்ல" என்றார்.

"இல்ல நானா."

"ஓடிப்போனதா?"

"ஓடிப்போனதுதான்."

"பரவால்ல" என்றார். "பாதி எனக்கு அனுப்புங்க."

கத்தி குசினிக்குத் திரும்பிப் போயிற்று. அன்று பின்னேரம் மனைவி என் பழைய பெனியன் ஒன்றைச் சுருட்டி, ஈரம் படாமல் காய்க்கு அடியில் கொடுத்தாள். அந்தப் பெனியனை நான் இன்னும் போட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. விழுந்த பிஞ்சின் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றையும் அவள் அவிழ்த்து, கழுவி, புதுக் கயிற்றில் என் சாரத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டாள்.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"தாங்கிக்கு மேல இன்னொரு பொம்பள மொட்டு இருக்கு. புதன்கெழம விரியும் போல." கையைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன். நீங்க பூவக் கண்ணால பாத்தா போதும். வாயத் தொறக்க வேணாம்."