சிங்கராயரின் பெல் ஏரும் இடது இருக்கையும்

யாங்கோன் துறைமுகத்தை ஒட்டிய போட்டாதாங்கில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கப்பல் தாள்கள் தட்டச்சு செய்யும் சிங்கராயருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய காருக்கு அதைவிட ஐந்தாறு வயது கூடுதல். 1959ஆம் வருஷத்து செவர்லே பெல் ஏர். பதினேழரை அடி நீளம், ஆறரை அடிக்கு மேல் அகலம், பின்பக்கம் இரண்டு பூனைக்கண் விளக்கு, அதற்குமேல் விரித்துவைத்த இறக்கைபோல் தகரம். அவர் வீட்டின் முன்னறையைவிட அது பெரியது என்று தெருவில் கேலி செய்வார்கள். சிங்கராயர் ஒருநாள் அளந்தே பார்த்துவிட்டார். உண்மைதான்.

இந்தக் கார் எப்படி ஒரு குமாஸ்தா வீட்டுக்கு வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1964இல் பர்மாவை விட்டு நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறியபோது, சொக்கன் என்ற அரிசி வியாபாரியும் கிளம்பினார். ஒரு பெட்டிக்குமேல் எடுத்துப்போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பயணத்தாள் எழுதிக் கொடுத்தவர் சிங்கராயரின் அப்பா. துறைமுகத்தில் சொக்கன் கார்ச் சாவியை அவர் கையில் வைத்து, "சட்டைப்பையில என்ன இருக்கோ அதக் குடுங்க போதும்" என்றாராம். பையில் அன்றைக்கு மீன் வாங்க வைத்திருந்த காசுதான் இருந்தது. அந்த வீட்டில் அன்று மீன் இல்லை, கார் இருந்தது. கார் ஓட்டத் தெரிந்தவர்தான் யாருமில்லை.

ஒருவழியாக அப்பா ஓட்டக் கற்று ஆறு வருஷம் ராஜா மாதிரி போய்வந்தார். 1970 டிசம்பரில் ஒரு நாள் நாடு முழுக்க இடப்பக்கம் ஓடின வண்டிகளெல்லாம் வலப்பக்கம் ஓடவேண்டும் என்று உத்தரவு வந்தது. சாலை மாறிவிட்டது, ஸ்டியரிங் மாறவில்லை. அது வலது பக்கத்திலேயே, நடைபாதையை ஒட்டி, நின்றுபோனது. முன்னால் ஒரு பஸ் போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

யாங்கோனில் இன்றைக்கும் பாதி ஜப்பான் கார்கள் இதே கோலத்தில்தான் ஓடுகின்றன. அவை ஒடிசலான வண்டிகள். மூக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். பெல் ஏர் மூக்கை நீட்டினால் எதிரே வருகிறவன் செத்தான். அதனால் அந்த வீட்டில் இடது இருக்கை ஒரு உத்தியோகம். முதலில் சிங்கராயரின் அம்மா பார்த்தார், அப்புறம் மனைவி மக்தலேனா. வழி காலியாக இருந்தால் சொல்லும் வார்த்தை "ஸ்வே". பஸ் கண்டக்டர்கள் கதவைத் தட்டிச் சொல்வார்களே, இழு, போகலாம் என்று, அதே பர்மியச் சொல்.

மக்தலேனா இறந்து ஒன்பது வருஷமாகிறது. பாவம், நல்ல மனுஷி. அவர் போனபிறகு ஏழு வருஷம் சிங்கராயர் ஒரு வண்டியைக்கூட முந்தவில்லை. பஸ் நின்றால் நிற்பார், மூங்கில் லாரி ஊர்ந்தால் ஊர்வார். பின்னால் வருகிறவர்கள் அவர் குடும்பத்தையே நலம் விசாரிப்பார்கள். காரை விற்கவும் மாட்டார். மக்தலேனா இருந்தபோதே அப்படித்தான். 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டி இறக்க அனுமதிச் சீட்டு என்று சர்க்கார் சொன்னபோது தெருவே கிழட்டுக் கார்களைத் தள்ளிக்கொண்டு ஓடியது. அவர் மட்டும் பெல் ஏரைத் தார்ப்பாய் போட்டு மூடி, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் ரோஸ்லினைக் காரில் ஏற்றினார். ரோஸ்லின் மாதா கோயில் பாடற்குழுவை நடத்துகிறவர், பள்ளியில் பாட்டு டீச்சர், ஐம்பத்து நாலு வயது, கல்யாணமாகாதவர். அவர் குரல் உயர்ந்தால் பின்வரிசை ஆண்கள் தானாக நிமிர்ந்து நிற்பார்கள். முன்னால் ஒரு லாரி நத்தையாய்ப் போனது. ஒரு மைல் பொறுத்துப் பார்த்தார் ரோஸ்லின். பிறகு கண்ணாடியை இறக்கி மழையில் தலையை நீட்டி, "ஸ்வே" என்றார்.

சிங்கராயரின் கால் தன்னால் அழுத்தியது. ஏழு வருஷம் கழித்து ஒரு லாரி அவருக்குப் பின்னால் போனது. அன்றைக்கே மனுஷன் காதலில் தலைகுப்புற விழுந்துவிட்டார், சந்தேகமே வேண்டாம்.

போன மாதம் தைரியம் வந்து, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டேவிட்டார். ரோஸ்லின் யோசிக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சா நீங்க இதுக்கு அடியில படுத்துக் கிடக்கிறீங்க. சம்பளம் பூரா இதுக்கு வாயில ஊத்துறீங்க. பதினேழரை அடி மூத்தாளுக்கு நான் எளையாளா வரமாட்டேன். வித்துட்டு வந்து கேளுங்க."

சிங்கராயர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் விற்பது என்று முடிவெடுத்தார். ரோஸ்லின் இல்லாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

பழைய கார்களைச் சேர்க்கும் ஒரு ஓட்டல் முதலாளிக்காக ரிஹான் என்ற இளைஞர் பார்க்க வந்தார். கையில் டார்ச், சின்னக் காந்தம், பூதக்கண்ணாடி. விலை பேச சிங்கராயருக்கு வாய் போதாது என்று ரோஸ்லினும் வந்து நின்றார்.

ரிஹான் காந்தத்தைக் கதவில் வைத்தார். அது பொத்தென்று விழுந்தது.

"ஊஜீ" என்று பர்மிய மரியாதையில் பெரியவரை விளித்தார். "இங்க தகரமே இல்ல. பூரா பட்டி."

"அது எம்பத்தெட்டுல சைக்கா ரிக்ஷாக்காரன் இடிச்சது," என்றார் சிங்கராயர், பாவமன்னிப்பு கேட்கும் குரலில்.

"கார்புரேட்டர் ஜப்பான் லாரியோடது. அப்புறம் இது பெல் ஏர். அதே வருஷ இம்பாலான்னா விலை கூட வரும். ரெண்டு கதவு மாடல்னா இன்னும் கூட வரும். மேல திறக்கிற மாடல்னா சொல்லவே வேணாம். இது நாலு கதவு."

ரோஸ்லினுக்கு இது விளங்கவில்லை. "ரெண்டு கதவு கூட இருக்கு, வெல கொறச்சலா? எந்த ஊரு கணக்கு தம்பி இது?"

"சேக்கிறவங்க கணக்கு அப்படித்தான் சயாமா," என்றார் ரிஹான். டீச்சரம்மாவைப் பர்மியத்தில் சயாமா என்பார்கள்.

ரோஸ்லின் விடவில்லை. "இஞ்சினு அதே ஆறு சிலிண்டர், மாத்தல. நம்பர் தட்டு தேயல, தொடச்சுப் பாருங்க. ஓனர் புக்குல மூணே பேருதான் இருக்கு. இவங்கப்பா மீன் காசுக்கு வாங்கினது. இந்த ஊர்ல மிச்ச வண்டியெல்லாம் பழைய இரும்பாப் போச்சு, இவரு நாற்காலி போட்டுக் காத்தாரு. அதுக்கு வெல இல்லையா?"

தான் இரண்டு வருஷமாகக் காரில் சொன்னதையெல்லாம் இந்த அம்மாள் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார் என்று சிங்கராயருக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் காது சிவந்துவிட்டது.

ரிஹான் தட்டைத் துடைத்துப் படித்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். மறுபடி தட்டைப் படித்தார்.

"இது மாத்தி வச்சதில்ல. கனடாவுல வலப்பக்கம் வச்சே செஞ்சு அனுப்பினது. அமெரிக்காவுல ஓடுறதெல்லாம் இடப்பக்கம். இந்த மாதிரி ரொம்பக் கொஞ்சம்." அவர் சொன்ன விலையில் இரண்டு நல்ல ஜப்பான் கார் வாங்கலாம். எந்தக் கோளாறு அந்த வீட்டில் மூன்று பெண்களை ஜன்னலில் தொங்க வைத்ததோ, அதற்குத்தான் அந்த விலை. ரோஸ்லினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் ரிஹான். அவர் ஸ்டியரிங்கில் உட்கார, ரோஸ்லின் வழக்கம்போல் இடது இருக்கையில் ஏறிவிட்டார். சிங்கராயர் பின்னால். பிறந்ததிலிருந்து வீட்டிலிருக்கும் காரை விருந்தாளி மாதிரி தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்ட்ராண்ட் ரோட்டில் முன்னால் ஒரு பஸ். ரிஹான் எட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை.

"சயாமா, எதிர்ல காலியா?"

ரோஸ்லின் வெளியே பார்த்தார். காலிதான். பின்னாலிருந்து சிங்கராயருக்கே தெரிந்தது. கியாக்டடா பேட்டை வரைக்கும் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் ரோஸ்லின் வாயைத் திறக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றது, இவர்களும் நின்றார்கள். பஸ் கிளம்பியது, ஊர்ந்தார்கள். இரண்டாவது நிறுத்தமும் ஆயிற்று. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது.

"சயாமா?"

"வண்டிய ஓரங்கட்டுங்க தம்பி."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அந்த வார்த்தைய வேற ஆளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. நீங்க பின்னால போங்க. அவரு வரட்டும்."

சிங்கராயர் இறங்கி முன்னால் வருவதற்குள் இரண்டு முறை தடுக்கினார். உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"அப்ப விக்கலையா?" என்றார் ரிஹான் பின்னாலிருந்து.

"விக்கல," என்றார் ரோஸ்லின்.

சிங்கராயர் மெல்லத் திரும்பினார். "அப்ப நான் கேட்டது?"

ரோஸ்லின் ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்தபடியே பேசினார். "கோயிலுக்கு விடுங்க. இந்த ஞாயித்துக்கிழமையே முதல் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுவோம். ரெண்டு பேருக்கும் வயசாகுது, மூணு வாரம் வாசிச்சு முடியக் காத்திருக்கணும்ல." பிறகு தலையை நீட்டி, பாடற்குழுவுக்குச் சுருதி கொடுக்கும் குரலில், "ஸ்வே" என்றார்.

அந்த பஸ்ஸை முந்தினார். அதற்கு முன்னால் போன பஸ்ஸையும் முந்தினார். சிமெண்டு லாரி, போலீஸ் ஜீப், நின்றுகொண்டிருந்த இன்னொரு பஸ், எல்லாவற்றையும் முந்தினார். ஒவ்வொன்றுக்கும் ரோஸ்லின் சொன்னார், ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு கட்டை ஏறியது. பின்னால் ரிஹான் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, தமிழிலும் பர்மியத்திலும் அல்லாவைக் கூப்பிட்டார்.

கோயிலைத் தாண்டி மூன்று தெரு வந்துவிட்டோம் என்பது இருவருக்கும் அப்புறம்தான் உறைத்தது.