டேங்குக்காரர் வீடு

எங்கள் ஊரில் கக்கூஸ் இருந்த இடங்கள் இரண்டுதான். ஒன்று மாதா கோயிலை ஒட்டிய சாமியார் பங்களா. இன்னொன்று எங்கள் வீடு. சாமியார் பங்களாவில் இருந்ததைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இருந்ததைப் பற்றி ஊரே பேசியது. வருஷத்தில் பாதி நாள் அது அடைத்துக் கிடந்தது. மீதி நாள் எப்போது அடைத்துக்கொள்ளுமோ என்று நாங்கள் பயந்து கிடந்தோம். ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர்கூட 'டேங்குக்காரர் வூடு எதுங்க?' என்று கேட்டுத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அப்பா பொம்மிடி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. கக்கூஸ் கட்டும் ஆசை அவருக்குப் பெருமைக்காக வந்ததில்லை. அத்தைக்காக வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனது. கல்யாணம் ஆகவில்லை. முப்பது தாண்டிய பிறகும் அப்பாவும் அம்மாவும் அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் விடிவதற்கு முன்னால் கரட்டுப் பக்கம் ஒதுங்கப் போய் வருவார்கள். அத்தையும் கம்பை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போவாள். அவர்கள் திரும்பும்போது அவள் பாதி வழியில்தான் இருப்பாள். ஓர் ஐப்பசி மழையில் சரளையில் கம்பு வழுக்கி ஓடைக்குள் விழுந்துவிட்டாள். எழ முடியவில்லை. நன்றாக வெளுத்த பிறகு மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஆண்கள் பார்த்து, கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் தான் கிடந்த கோலத்தை அவர்கள் பார்த்துவிட்டார்களே என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள், பல நாள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் அப்பா கடப்பாரையை எடுத்தார்.

கட்டியவர், ஸ்டேஷன் குவார்ட்டர்ஸுக்குச் சுவர் வைத்த கொத்தனார். குவார்ட்டர்ஸில் கக்கூஸ் இருந்தது; ஆகவே அவருக்கு அந்த வேலை தெரிந்திருக்கும் என்று அப்பா நினைத்தார். கொத்தனாரும் அப்படியே நினைத்தார். சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க அப்பா தாலுகா ஆபீசுக்கு நடந்த நடையில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது. மாட்டுக் கொட்டகையைத் தாண்டி ஓடு போட்ட ஒரு சின்ன அறை, உள்ளே உட்காரப் பீங்கான், அறைக்குப் பின்னால் மண்ணுக்குள் தொட்டி, மேலே மூடக் கருங்கல் பலகைகள். கழிவு உள்ளே வர ஒரு குழாய், தெளிந்த தண்ணீர் வெளியேறி வாழைக்குப் போக ஒரு குழாய். எல்லாம் முடிந்ததும் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தவர் கொல்லையில் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து, ஒரு நிமிஷம் யோசித்து, அப்படியே மாட்டுக்குத் தெளித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்க மறுத்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அடிக்கடி வந்து போகிறவர். அவர் அப்பாவிடம் சொன்னார்:

"மச்சான், மாட்டுக்குக்கூட தீர்த்தம் தெளிச்சாரு சாமியாரு, இதுக்குத் தெளிக்கல. அது கோவிச்சுக்கிச்சு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றுபோலவே என் ஞாபகத்தில் கலந்து கிடக்கிறது. பலகைகளை நெம்பித் தள்ளுவார்கள். அந்த வேலைக்கு எங்கள் ஊரில் ஆள் கிடையாது. தருமபுரிக்குப் போய் ஒருவரை அப்பா பஸ்ஸில் அழைத்து வருவார். அவர் இடுப்பில் கயிற்றோடு உள்ளே இறங்கி வாளி வாளியாக எடுத்துக் கொடுப்பார். அவருக்கு மட்டும் காப்பியைக் கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். குடித்துவிட்டு மறுபடி இறங்குவார். கொத்தனார் மேலே குந்திக்கொண்டு காரணம் சொல்வார். ஒரு தடவை, வெளியேறும் குழாய் உயரத்தில் இருக்கிறது என்று இறக்கி வைத்தார். இன்னொரு தடவை செங்கல் சந்தில் மழைத்தண்ணீர் ஊறுகிறது என்று திரும்பப் பூசினார். காற்றுக்கு வழியில்லை என்று நீளமாக ஒரு குழாயை நட்டார். அதன் வழியாக நாற்றம் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "காசு இருக்கறவன் பங்களா கட்டுவான், இவங்க நாத்தத்தக் கட்டிக்கிட்டாங்க" என்று தன் கோழிகளிடம் சொல்வாள்.

தொட்டி திறந்து கிடக்கும் நாட்களில் வீட்டில் எந்தக் குழம்பும் ருசிக்காது. அப்பா ஷெட்டிலிருந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய் நிற்பார். ஏதாவது செய்வதற்காக அல்ல. சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்.

அத்தை அந்த நாட்களில் ஒருசந்தி விரதம் இருப்பாள். ஈஸ்டருக்கு முந்தைய தவசுக் காலமாக இல்லாவிட்டாலும் சோறு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்பாள். மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்பாள். ஊர்ப் பெண்கள் அவளுடைய பக்தியைச் சொல்லிச் சொல்லி வியந்தார்கள். போவதற்கு இடமில்லாதபோது ஒருத்தி எதைத் தின்பாள், எதைக் குடிப்பாள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அம்மாவுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அம்மாவுக்கு அந்தக் கக்கூஸைக் கண்டாலே ஆகாது. "திங்கற வூட்டுலயே அதுவுமா?" என்பாள். கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதற்குள் கால் வைத்ததில்லை. எப்போதும்போல் மற்ற பெண்களோடு கரட்டுக்குத்தான் போய் வந்தாள். ஆனால் ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் கொல்லையைக் கழுவி, சாணம் தெளித்து, சுவரைத் தேய்க்கிற வேலை அவள் தலையில்தான் விழும். துடைப்பத்தைத் தரையில் அடிக்கிற அடியில் அவள் யாரைத் திட்டுகிறாள் என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கும். அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது என்றே நான் நினைத்திருந்தேன்.

நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் தவசுக் காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு ரிப்பேர் முடிந்த களைப்பில் அப்பா அத்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். தருமபுரிப் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் ஓர் இல்லம் இருந்தது. கால் கை முடியாதவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

"அங்கன்னா எல்லா வசதியும் இருக்குது பாப்பா. எல்லாம் ஒரே தரையில. பூசைக்குக்கூட வெளிய போவ வேணாம், உள்ளயே கோயிலு. என்னால முடியலம்மா."

அப்பா கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அத்தை பதில் சொல்லியிருப்பாள். அவள் தன் காலையே தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு வாட்டி பாக்கலாம்ணா. நான் இன்னும் சுத்தமா வெச்சுக்கறேன். ஒரு குறையும் வராது."

"சரி, ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம். மறுபடி அடைச்சுதுன்னா நானே கொண்டுபோயி வுடறேன்" என்றார் அப்பா.

அத்தை சொன்னபடியே செய்தாள். எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் சாம்பல். பாத்திரம் துலக்கச் சாம்பல், குழந்தை அசிங்கம் செய்தால் மேலே தூவி அள்ளச் சாம்பல். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலையென்று அடுப்பை வழிக்கும் வேலை அத்தையுடையது. அள்ளிய சாம்பலை எருக்குழியில் கொட்ட வேண்டும். எருக்குழியும் கக்கூஸும் ஒரே பக்கம். அவள் தகர டின்னோடு அந்தப் பக்கம் போவதை யாரும் கவனித்ததில்லை. அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் வைக்கிற எனக்கு மட்டும் தெரியும், அந்த டின் எருக்குழிவரை போவதில்லை என்று. பீங்கானில் சாம்பலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றித் தள்ளி, மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள். நாற்றம் இல்லை. மறுபடியும் கொஞ்சம் கொட்டுவாள். அப்பா பேசிய நாளிலிருந்து காலையில் ஒரு டின், சாயந்திரம் ஒரு டின் ஆயிற்று. அதைப் பார்த்து, அத்தையைப்போல் சுத்தமானவர் யாரும் இல்லை என்று நினைத்தேன்.

தவசுக் காலம் பாதி போவதற்குள் அது அடைத்துக்கொண்டது.

பலகைகளை நெம்ப மாமா வந்தார். கொத்தனார் வந்தார். தருமபுரிக்காரர் இறங்கினார். இந்தத் தடவை வாளியில் எதுவும் வரவில்லை. உள்ளே கடப்பாரை கல்லில் மோதுவதுபோல் சத்தம் கேட்டது. கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, யாரோ உள்ளார தளம் போட்டு வெச்சிருக்காங்க!"

போன தடவை நாற்றத்துக்காக அவர் கொட்டிவிட்டுப் போன சுண்ணாம்பும், மேலே வந்து படிந்த ஏதோ ஒன்றும் சேர்ந்து இறுகியிருந்தது. வெளியேறும் குழாயின் வாய் முழுக்க அடைத்திருந்தது. தருமபுரிக்காரர் உடைத்துக் கொடுத்த ஒரு கட்டியை அப்பா வாங்கிப் பலகைமேல் போட்டுத் தட்டினார். சாம்பல் நிறத்தில் இரண்டாகப் பிளந்தது. நடுவில் கறுப்பாகக் கரித்துண்டுகள்.

"சாம்பலு. இது நம்ம அடுப்புச் சாம்பலு." அப்பா நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார். "இத்தினி வருசமா நாய் படாத பாடு படறேன். யாரு இதக் கொட்டினது?"

அத்தை கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகமும் அந்தக் கட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது. "அண்ணா..." என்று ஆரம்பித்தாள்.

"நான்தான் கொட்டினேன்" என்றாள் அம்மா.

கையில் துடைப்பத்தோடு சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அப்பாவைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"நீயா?"

"ஆமா. நாத்தம் தாங்கல. போயிட்டு வர்றப்பல்லாம் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். இப்பிடிப் புடிச்சுக்கும்னு எனக்கென்ன தெரியும்? கட்டின கொத்தனாருக்கே தெரியல."

கொத்தனார் வேறு பக்கம் பார்த்தார். மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ எப்பக்கா அங்க போன? நீதான் கரட்டுக்குப் போறவளாச்சே."

"ஏன்டா, நான் போறப்பல்லாம் உனக்குச் சொல்லிட்டு, மேளம் வெச்சுக்கிட்டுப் போவணுமா?"

குழிக்குள்ளிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் வந்தது. அப்பா சிரிக்கவில்லை. இத்தனை வருஷக் களைப்பும் அவர் வாயில் வசவாக வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் அம்மாவைக் கூறு கெட்டவள் என்றார், அவள் பிறந்த வீட்டில் சொல்லி வளர்த்த லட்சணம் என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். வேறு நாளாக இருந்தால் அப்பா ஒன்று சொன்னால் அம்மா இரண்டு சொல்வாள். அன்று குனிந்து, சிதறிக் கிடந்த கட்டிகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

காரணம் தெரிந்துவிட்டதால் இல்லத்தைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. மறுநாளிலிருந்து அடுப்பை அம்மாவே வழித்து, சாம்பலை எருக்குழியில் கொட்டினாள். அதைப் பற்றி அவள் அத்தையிடம் எதுவும் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தத் தொட்டி அதற்குப் பிறகும் எங்களைப் பாடு படுத்தியது. மழை பெய்தால் நிரம்பும், வெயிலில் பூச்சு வெடிக்கும், பலகை உடையும். ஆனால் அதெல்லாம் எல்லாத் தொட்டிக்கும் வருகிற பாடு. அத்தை கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

எனக்கு அப்போது இருந்த கவலை வேறு. அந்த வருஷம்தான் புதுநன்மைக்கு, முதல் தடவையாக நற்கருணை அப்பம் வாங்குவதற்கு, படித்துக்கொண்டிருந்தேன். பொய் பாவம் என்றும், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்குவது அதைவிடப் பெரிய பாவம் என்றும் கோயில் உபதேசியார் எங்களை உருப்போட வைத்திருந்தார். அம்மா சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயந்திரம் அவள் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் போகவில்லை. மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மைக்கு மணி அடித்ததும் அம்மா எழுந்தாள். நான் அவள் புடவையைப் பிடித்தேன். அவள் என் கையை எடுத்துவிட்டு, நேராகப் போய் முழங்காலிட்டு நாக்கை நீட்டினாள். அவளுக்கு என்ன ஆகுமோ என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அத்தையால் முழங்காலிட முடியாது என்பதால் சாமியாரே அவள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்து நன்மை கொடுப்பது வழக்கம். அன்றைக்கும் வந்தார். அத்தை முக்காட்டை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவர் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். பொய் சொன்னவள் வாங்கிவிட்டாள், ஒரு பாவமும் அறியாதவள் வேண்டாம் என்கிறாளே என்று எனக்குக் குழம்பியது.

அம்மா திரும்பி வந்து, வழக்கமாக என் பக்கத்தில் உட்காருகிறவள், அன்று அத்தையை ஒட்டி உட்கார்ந்தாள். முக்காட்டுக்குள் அத்தையின் தோள் குலுங்கியது. அம்மாவின் பாவத்தை நினைத்துத்தான் அத்தை அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. நானும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அம்மாவை மன்னித்துவிடும்படி மாதாவிடம் மன்றாடினேன்.