மாரி அடித்த வர்ணம்

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் ஆர்டர் கணக்கெல்லாம் நான் எழுதிய புரோகிராமில்தான் ஓடுகிறது. சீசன் நெருக்கடியிலும் ஒரு லோடு ஊர் மாறிப் போனதில்லை. அதற்கு முதலாளி அண்ணாச்சி இதுவரை சொன்ன பாராட்டு: "ம்."

இன்று காலை பக்கத்து சீட் மாரி, கறுப்புத் திரையில் ஓடும் எழுத்துக்கு நிறம் கொடுக்க, யாரோ எழுதிவைத்த ஒரு லைப்ரரியை நெட்டிலிருந்து இறக்கி என் புரோகிராமில் சேர்த்துவிட்டான். அனுப்பிய லோடு பச்சை, அனுப்பாதது சிவப்பு. அவன் எழுதியது மொத்தமே நாலைந்து வரி.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார்.

"ஏலே, எல்லாரும் இங்கன வாங்க! எம்புட்டு அம்சமா இருக்கு! பொட்டிக்கு லேபிள் ஒட்டுன மாதிரில்ல இருக்கு!"

பேக்கிங்கிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். மாரிக்குக் காப்பி வந்தது. அவன் புண்ணியத்தில் எனக்கும் ஒன்று.

பிறகு அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, இத்தன நாளும் இத ஏன் இப்பிடி இருட்டடிச்சு வச்சிருந்த?"

வெடிக்குள் மருந்து அடைத்தவன் நான். லேபிள் ஒட்டியவன் அவன்.

அந்த லைப்ரரியில் எழுத்தை மின்னி மின்னி அணைய வைக்கவும் வழி இருக்கிறதாமே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை அண்ணாச்சி வருவதற்குள் வேண்டும்.

மாரி, உனக்குத் தெரிந்திருந்தாலும் நீ சொல்ல வேண்டாம்.