படலையில் நின்ற ஊர்

சோமசேகரம் வாழ்க்கையில் எதையும் முதல் ஆளாகச் செய்தவர் அல்ல. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சோற்றில் கை வைத்த பிறகுதான் இவர் கையும் அசையும். கோயிலில் மற்றவர்கள் விழுந்து கும்பிட்டால் விழுவார், நின்று கும்பிட்டால் நிற்பார். உரும்பிராய்க்குக் கிழக்கே, தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தக் குறிச்சியில் அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அவனாலை ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை." ஒரு மனிதனுக்கு ஊர் கொடுக்கக்கூடிய ஆக மலிவான பட்டம் இது. அவர் அதைப் பொன்னாக நினைத்துப் பொத்தி வைத்திருந்தார்.

அவருக்கும் அக்கா பராசக்திக்கும் ஒரே கிணறு. தகப்பன் காணியைப் பிரித்து, கிழக்குப் பாதியை மகளுக்குச் சீதனமாக எழுதினார். கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாதே, அது பங்குக் கிணறாகவே கிடந்தது. பராசக்தியின் புருசன் மலாயாவில் செத்துப் போனான். மிச்சம் ஒரே மகள், கமலாவதி. புகையிலைக்கு இறைப்பது மூன்று பேர் வேலை. ஒருவர் கிணற்று ஏற்றத் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே நின்று பட்டையைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்க்க வேண்டும், ஒருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிக் கட்ட வேண்டும். கமலாவதி பட்டை பிடிப்பாள், பராசக்தி தண்ணீர் கட்டுவாள், தம்பி துலா மிதிப்பார். இப்படிப் பத்து வருசம் ஓடியது.

முப்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். தோட்டங்களுக்கு ஊடே போகிற ஒழுங்கைக் கடைசியில் குடிசை போட்டிருந்த கூலிச் சனத்தில் ஒருவன், தன் மகனின் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குக் குடை பிடித்து ஊர்வலம் விட்டான். வெள்ளாமைக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் விரிகிற குடை அவர்களுக்கும் விரிந்துவிட்டது. அதுதான் குற்றம். மறுநாள் மாலை ஏழு குடிசைகளும் எரிந்தன.

பொலிஸ் வருமுன்னே கோயிலை நடத்துகிற இராசநாயகம் ஆம்பிளைகளைக் கூட்டினார். வீட்டுக்கு ஒருவராக வந்து, எரிகிற கற்பூரத்தில் அடித்து, "நான் ஒண்டும் காணேல்லை" என்று சத்தியம் செய்தார்கள். சோமசேகரம் தன் முறைக்குக் காத்திருந்து, முன்னே போனவர் எவ்வளவு பலமாக அடித்தாரோ அவ்வளவு பலமாகவே அடித்தார். பெண்களைச் சத்தியத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று அத்தனை தலைப்பாகைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. பெண்ணுக்குக் கண் இருக்கும் என்பதையே மறந்துவிட்ட புத்திசாலிகள்.

வழக்கு மல்லாகம் கோட்டுக்குப் போனது. அங்கே பராசக்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தன் வேலியோரமாகப் பந்தத்தோடு போன இரண்டு பேரின் பெயரையும் அவள் சொன்னாள். அதில் ஒருவன் இராசநாயகத்தின் மருமகன்.

"ஏன் அக்கா வாய் திறந்தனீங்கள்?" என்று சோமசேகரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"நான் கற்பூரத்திலை அடிக்கேல்லைத் தம்பி. என்னை ஆரும் கேக்கவுமில்லை. கோட்டிலைதான் கேட்டவை. கண்டதைச் சொன்னன்."

அன்றைக்கே கட்டுப்பாடு விழுந்தது. பராசக்தி வீட்டுக்கு நெருப்புக் கொடுக்கக் கூடாது, கதைக்கக் கூடாது, துணி வெளுக்கிற கட்டாடியும் அம்பட்டனும் போகக் கூடாது. போகிறவனுக்கும் அதே கதி.

சோமசேகரம் ஒரே நாளில் அக்காவைக் கைவிட்டார் என்று சொன்னால் அது அநியாயம். அவ்வளவு துணிவு அவருக்கு ஏது? முதல் நாள் கால் உளைவு என்று சொல்லித் துலாவில் ஏறவில்லை. அடுத்த முறை, அக்கா தோட்டத்துக்கு வருமுன்னே தன் பாத்திகளை இறைத்து முடித்தார். பிறகு அவளைக் கண்டால் குனிந்து மண்ணைப் பார்த்தார். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன விசயமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு நாள் மட்டும் மனம் பொறுக்காமல் வேலியோரம் போய், "கொஞ்ச நாள் பொறுங்கோ அக்கா, ஊர் ஆறிவிடும்," என்றார்.

"நான் பொறுப்பன். பயிர் பொறுக்குமோ?"

தாயும் மகளும் கைவாளியால் அள்ளிக் குடத்தில் சுமந்து ஊற்றினார்கள். சோழகக் காற்று அடித்த பாட்டில் மண் காய்ந்து வெடித்தது. பக்கத்துப் பக்கமாக ஒரு தோட்டம் பச்சை, ஒரு தோட்டம் பழுப்பு. ஆடி பிறக்குமுன் பராசக்தி காய்ச்சலில் விழுந்தாள். மருந்து கொடுக்கிற பரியாரியும் வரவில்லை. ஒரு காலைப்பொழுதில் கமலாவதியின் அழுகுரல் வேலி தாண்டிக் கேட்டது.

அந்த நேரம் சோமசேகரத்தின் நெஞ்சு உண்மையாகவே வெடித்தது. வேட்டியை மாற்றிக்கொண்டு ஓடினார். அக்கா வீட்டு வாசல் படலைவரைக்கும் ஓடினார். அங்கே ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் வந்து நின்றார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. இவரும் நின்றார்.

ஆண்பிள்ளை இல்லாத அக்காவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் அவர்தான். அது அவருக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவர் இராசநாயகத்தின் காலைப் பார்த்தார், அது அசையவில்லை. பக்கத்தில் நின்ற செல்வரட்ணத்தைப் பார்த்தார். அவன் இவரைப் பார்த்தான். யாராவது ஒருவன் படலையைத் தாண்டட்டும், அடுத்த ஆள் நான், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டாவதாகப் போக அவர் முழுத் தயாராக இருந்தார். வெயில் ஏறி இறங்கியது. உள்ளே ஒற்றைக் குரல் அழுது அழுது அடங்கியது.

பின்னேரம் ஒழுங்கைக் கடைசியிலிருந்து வீடு எரிந்த சனம் ஒரு வண்டிலோடு வந்தது. அவர்கள் படலையில் தயங்கி நின்றபோது கமலாவதி வெளியே வந்து, "உள்ளை வாங்கோ. அம்மாவைத் தூக்குங்கோ," என்றாள். ஊர் ஒதுங்கி வழிவிட்டது. தாய்மாமன் என்று ஒருவர் அங்கே நிற்பதை அவள் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெண்கள் போகாத சுடலைக்கு அவளே போனாள், கொள்ளியையும் அவளே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து இராசநாயகம் வந்தார். குரலில் கோபம் இருந்தது.

"என்ன மனிசனடா நீ? செத்த வீட்டுக்குக் கட்டுப்பாடு பாக்கிறதோ? கூடப்பிறந்தவன் நீ உள்ளை போவாய் எண்டுதான் அவ்வளவு நேரமும் நிண்டம். நீ போயிருந்தா எல்லாரும் பின்னாலை வந்திருப்பம்."

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"கட்டுப்பாடு போட்ட நானே எப்பிடி முதல் சொல்லுறது?"

செல்வரட்ணமும் அதையே சொன்னான். சந்தையில் கண்ட இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். சோமசேகரம் வீட்டுக்கு வந்து மனைவி மீனாம்பிகையிடம் புலம்பினார். இவ்வளவு நாளும் அவள் இந்த விசயத்தில் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"அண்டைக்கு நீங்கள் ஓடினவுடனை, சுடலையாலை வந்து தோய எண்டு கிடாரத்திலை தண்ணி நிரப்பி வைச்சனான்," என்றாள் அவள். "மாத்து வேட்டியும் எடுத்துக் கொடியிலை போட்டனான். பொழுதுபட நீங்கள் நனையாத தலையும் கசங்காத வேட்டியுமாய் வந்தியள். தண்ணியை வாழைக்கு ஊத்திப்போட்டன்."

"போங்கோ எண்டு நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மீனாம்பிகை?"

"சொல்லவேணும் எண்டு எனக்குத் தெரியேல்லை," என்றாள் அவள். "செத்தது உங்கடை அக்காவல்லோ."