பிரசவ அறைக்குள் போன பைத்து

தீன் மார்க்கத்திலே என் உறவான சகோதரர்களே, சகோதரிகளே, உங்கள் மீது அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும்.

என் மகள் ஜெஸீமா பிரசவ அறையில் கிடந்தாள். பிரஷர் இறங்கவில்லை, இப்படியே போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுடைய முதல் பிள்ளை வயிற்றிலேயே மவுத்தாகிப் போனது. இது இரண்டாவது. மருமகன் கட்டாரில் வேலை. என் மனைவி முன்னமே கபுறுக்குழிக்குப் போய்விட்டாள். ஆஸ்பத்திரி முற்றத்தில் நான் ஒருத்தன் நின்றேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஒரு பழைய பற்றரியும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் வைத்துத் தொழில் தொடங்கினேன். இன்றைக்கு மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கலியாணமோ கந்தூரியோ மார்க்கப் பயானோ, என் ஸ்பீக்கர் போகாமல் நடக்காது. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும்.

அதனால்தான் அந்தப் பிழை நடந்தது. நோவு நேரத்தில் மனதுக்குப் பிடித்ததைக் கேட்டால் பயம் குறையும், பாட்டோ ஓதலோ போனில் போட்டுக் கொண்டு வாங்க என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தா. “நான் யோசிச்சிச் சொல்றன் வாப்பா” என்றாள் மகள். “சத்தத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்லப் போறியா மனே?” என்று சிரித்துவிட்டு நானே தெரிந்தெடுத்தேன். யாசீன். எங்கள் பக்கத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் குர்ஆனில் அந்த அத்தியாயத்தைத்தானே ஓதுவோம். என்னிடம் இருந்ததில் ஆகத் துப்புரவான ஒலிப்பதிவை மகளின் போனில் ஏற்றி, ஹெட்செட்டோடு என் கூடப்பிறந்த ராத்தாவின் கையில் கொடுத்தேன். துணைக்கு ஒரு பெண்ணைத்தான் உள்ளே விடுவார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராத்தா உள்ளேயிருந்து போனில் கோல் எடுத்தா.

“என்னத்தடா தம்பி இதுக்குள்ள போட்டு வச்சிரிக்காய்? புள்ள ஹெட்செட்டைப் புடுங்கி எறிஞ்சிட்டாள்!”

“யாசீன்தானே ராத்தா.”

“யாசீன்தான்டா. அவள்ற உம்மாட கடைசி நேரத்தில கட்டிலடியில போட்டியே, அதே குரல். எனக்கும் முடிவு வந்திட்டா மாமி எண்டு கேட்டு அழுறாள். பிரஷர் இன்னும் ஏறிட்டாம்.”

எனக்கு உலகமே இருண்டது. யாசீன் றஹ்மத்தானது, அருள் தருவது. அதில் குறையில்லை. ஆனால் அந்தக் குரலோடுதான் என் மகள் தன் தாயை வழியனுப்பியிருந்தாள். ஒலியின் துப்புரவைப் பார்த்த நான் அதை நினைக்கவே இல்லை.

வேப்பமரத்தடி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் எனக்கு ஒரு தேவை என்றால் மௌலவியைக் கூப்பிட்டு துஆ கேட்கச் சொல்லுவேன். அவர் அரபியில் கேட்பார், நான் ஆமீன் சொல்லுவேன். அன்றைக்கு யாரைக் கூப்பிட? கையை ஏந்தினேன். “யா றப்பே, எனக்கு ஓதத் தெரியாது. என் புள்ளைக்கு எதைக் கேட்டால் நெஞ்சு ஆறும் எண்டும் தெரியாது. படைச்ச உனக்குத் தெரியும். அவள்ற வாயில அதைக் குடு” என்று தமிழில் கேட்டேன். அழுதேன். கல்முனைச் சந்தையில் யாருக்கும் தலை குனியாதவன், சின்னப் பிள்ளையைப் போல அழுதேன்.

ஏந்திய கையை முகத்தில் தடவினேன். போன் அடித்தது. இந்த முறை மகள்.

“வாப்பா, நோன்புக்கு என்னை எழுப்பக்குள்ள படிப்பீங்களே, பக்கீர் பாவாட பைத்து. எனக்கு அது வேணும்.”

“அது றெக்கோட்டில இல்லையே மனே.”

“அப்ப நீங்க படிங்க.”

அல்லாஹு அக்பர்! எத்தனை வருடமாயிற்று அந்தப் பைத்துப் பாட்டை நினைத்து! நோன்பு காலத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப ஒரு பக்கீர் பாவா வருவார். கையில் தோல் கட்டிய றபான், தோளில் பை. மணல் தெருவில் அவர் றபானைத் தட்டிக்கொண்டு வரும்போது வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். ஜெஸீமா ஒரு சுண்டு அரிசியோடு வாசல் படலையடிக்கு ஓடுவாள். பிறகு பள்ளிவாசலில் என் ஸ்பீக்கர் ஏறியது. பாவாவின் வரவு குறைந்து, ஒரு நோன்பில் வராமலே போனார். அவர் இல்லையென்று மகள் சோற்றைத் தொடாமல் இருந்தாள். அதன் பிறகுதான் அவளுடைய நுளம்பு வலைக்குப் பக்கத்தில் நின்று நான் படிக்கத் தொடங்கினேன். தாய் சமைத்தபடி குசினியிலிருந்து சிரிப்பாள்.

அந்தப் பைத்தைத்தான் போனில் படித்தேன்.

“விளக்கேத்தும் நேரமாச்சி, வீட்டாரே எழும்புங்க,
றஹ்மத்து தெருவில நிக்கி, றப்பைக் கேளுங்க.”

முற்றத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குரல் கரகரத்து இடையில் நின்றும்விட்டது. பக்கத்தில் ஒரு வீரமுனைக்காரர், அவரும் மகளின் பிரசவத்துக்கு வந்தவர், வெறும் தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்துத் தட்டத் தொடங்கி, அண்ணனைக் கூப்பிடுவது போல என்னைக் கூப்பிட்டார்.

“நிப்பாட்டாதீங்க காக்கா. குரல் கொஞ்சம் மோசம்தான், தாளம் இருந்தா வெளிய தெரியாது.”

“என்ர குரலையா மோசம் எண்டுறீங்க?”

“படிங்க காக்கா, புள்ள காத்திருக்கி.”

படித்தேன். முடிய முடியத் திரும்பவும் படித்தேன். இடையில் ராத்தா மெதுவாகச் சொன்னா, “மூச்சு சீராகிட்டு தம்பி, கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு இரிக்காள்.” பிரஷர் இறங்கத் தொடங்கிவிட்டது என்று மிஸ்ஸி சொல்வதும் கேட்டது. டொக்டர் கொடுத்த மருந்தும் வேலை செய்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. மருந்தை வேலை செய்ய வைத்தவன் யார்?

பிறகு உள்ளே ஒரே சத்தம். மகள் அலறினாள். நான் பைத்தை விடவில்லை. திடீரென்று எல்லாம் அடங்கியது. என் உயிர் என்னிடம் இல்லை.

பிள்ளை அழுதது.

அதற்கு மேலே ராத்தாவின் குரவை! கலியாண வீட்டில் போடுகிற அதே நீளக் குரவை. “அம்மா, இது ஆஸ்பத்திரி, கலியாண வீடில்ல!” என்று மிஸ்ஸி ஏசுவது கேட்டது. “அப்ப நீங்களும் ஒண்டு போடுங்க மிஸ்ஸி” என்றா ராத்தா. வீரமுனைக்காரர் போத்தலைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய மகளுக்காகவும் நான் அந்த இடத்திலேயே கையேந்தினேன். எனக்குப் பேத்தி, தாயும் பிள்ளையும் சுகம்; பின்னேரம் அவருக்கு ஒரு பேரன் பிறந்தான். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிலிருந்து விடியச் சுபஹுத் தொழுதால் துஆவை நானே கேட்கிறேன். எனக்கு வரும் தமிழில், என் தேவையைச் சொல்லிக் கேட்கிறேன். மௌலவியிடம் சொன்னபோது, “இத்தனை வருசம் ஏன் காக்கா காத்திருந்தீங்க?” என்றார்.

என் அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு முற்றம், ஒரு வாங்கு வரும். ஓதத் தெரியாதே என்று தயங்காதீர்கள். வீட்டில் கதைக்கிற பேச்சில் கேளுங்கள். முதல் பிள்ளையை எடுத்தபோதும் அவன்தான் எங்கள் றப்பு, இந்தப் பிள்ளையைத் தந்தபோதும் அவன்தான். அவனைவிட்டு எங்கே போக?

இதை எழுதும்போது பேத்தி அடுத்த அறையில் அழுகிறாள். தெருக்கோடி வரை கேட்கும். மாஷா அல்லாஹ், யாருடைய தொண்டை என்று ஊருக்கே தெரியும்.