கையைக் காணோம்

துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் அவள் பிழைப்பு. கடையில் எல்லோருக்கும் அவள் பொம்மைக்கா. கல்யாணமான புதிதில் சேர்ந்தவளுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பொம்மைகளுக்கு நரை இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வருஷா வருஷம் இடுப்பு மட்டும் இளைத்துக்கொண்டே போகிறது.

பொம்மைக்குக் கை மடங்காது. தோளோடு திருகிக் கழற்றி, சட்டையைப் போட்டுவிட்டு, கையைச் சட்டைக்குள் விட்டு மறுபடி சொருக வேண்டும். தொடும் முன் பொம்மைக்கா கேட்டுக்கொள்வாள்: "கொஞ்சம் கை குடும்மா." கேட்காமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது முரண்டு பிடிக்குமாம்.

"குடுக்கலைன்னா என்னக்கா பண்ணுவே?" என்பாள் கல்லாவில் இருக்கும் பெண்.

"உன்னுதைக் கழட்டிக்குவேன்."

பொம்மைக்காவின் இதயம் அவ்வப்போது தாளம் தப்பும். அதற்காக டெலிவரி வேன் ஓட்டும் அவள் கணவர் ஒரு ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டார். ஒருமுறை அது அலறியதால்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். இல்லையென்றால் வேறெங்கோ போய்ச் சேர்ந்திருப்பாள். அவள் விழுந்தால் கணவரின் போனுக்குச் செய்தி போகும். அன்றிலிருந்து தன் நெஞ்சைவிட வாட்சைத்தான் நம்பினாள்.

ஒரு குழந்தையை எல்கேஜியில் சேர்க்கும் வயதில் வாட்சுக்குத் தள்ளாமை வந்துவிட்டது. பேட்டரி உப்பி, முதுகுக் கண்ணாடி பிளந்துகொண்டது. கையில் கட்டினால் 'கை கண்டறியப்படவில்லை' என்றது.

போன் ரிப்பேர்க்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மொத்தமும் பசை போட்டு ஒட்டியிருக்கான்க்கா. திறந்தா மூட முடியாது. பார்ட்ஸும் வர்றதில்ல."

கம்பெனிக்கு எழுதிக் கேட்டார்கள். 'உங்கள் மாடலின் ஆயுள் முடிந்துவிட்டது. தொடர்ந்து எங்களுடன் இணைந்திருங்கள்' என்று பதில் வந்தது. முடிந்தது யாருடைய ஆயுள் என்று பொம்மைக்கா இரண்டு முறை படித்துப் பார்த்தாள். இவ்வளவு பிரியமாகக் கை கழுவ அவர்களால்தான் முடியும்.

ஒருநாள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று வாட்சைக் கழற்றி, மேஜைமேல் கிடந்த பொம்மைக் கையில் மாட்டினாள். பச்சை விளக்கு மினுக்கியது. நாடித்துடிப்பு காட்டியது. நல்ல துடிப்பு, ஆரோக்கியமான ஆளுக்கு இருப்பது போல.

"அந்த லைட்டு எது மேல பட்டாலும் ஏதாவது ஒரு நம்பரைக் காட்டும்க்கா. துணி உருளையில கட்டிப் பாரு, அதுக்கும் உயிர் இருக்குன்னு சொல்லும்" என்று சிரித்தாள் கல்லாப் பெண்.

பொம்மைக்கா வாட்சைத் தன் கையில் மாற்றிக் கட்டினாள். கை கண்டறியப்படவில்லை. பொம்மைக்கு மாற்றினாள். துடித்தது. கல்லாப் பெண் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு வாட்ச் அந்தக் கையிலேயே தங்கிவிட்டது.

மறு வாரம், கடை திறக்கும் முன், கண்ணாடிக்குக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு அவள் ஒரு பொம்மையின் பின்னால் குந்தி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். வாய் நிறையக் குண்டூசி. மேஜையிலிருந்த கை உருண்டு தரையில் விழுந்து, அங்கே கிடந்த துணிக் குவியலுக்குள் சொருகிக்கொண்டது. சத்தம் கேட்டும் அவள் திரும்பவில்லை. ஊசி குத்துகிற வேலை.

கணவர் போனில் செய்தி: 'உங்கள் மனைவி விழுந்துவிட்டார்.'

வேனைக் கடை வாசலில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அவசரத்தில் மூக்குக்கண்ணாடி வேனிலேயே தங்கிவிட்டது. காகிதம் வடிகட்டிய மங்கல் வெளிச்சத்தில் துணிக் குவியல். அதிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது, அவர் வாங்கித் தந்த வாட்சோடு.

மண்டியிட்டுப் பிடித்தார். "ஐயோ, சில்லுன்னு இருக்கியேம்மா!"

அவளால் வாய் திறக்க முடியவில்லை. "ம்ம்! ம்ம்!" என்றாள். செத்துக் கிடப்பவளின் முனகல் தன் முதுகுக்குப் பின்னாலிருந்து வரவே, அவர் பதறி இழுத்தார். கை மட்டும் தனியாக வந்தது.

அவர் போட்ட கூச்சலில் கல்லாப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள்.

ஊசிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு பொம்மைக்கா எழுந்தாள். "ஏங்க, கட்டுன பொண்டாட்டி கைகூடவா அடையாளம் தெரியாது?"

அவர் சிரிக்கவில்லை. "துடிச்சுதுடி."

"வாட்ச் அதிர்ந்திருக்கும்."

"வாட்ச் மேல நான் கையே வைக்கல."

அவள் தன் கையை நீட்டினாள். "இதைப் பிடிச்சுப் பாருங்க."

மணிக்கட்டில் விரல் வைத்தார். விரலை மாற்றி வைத்தார். அவர் முகம் போன போக்கை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன?"

"அது சீரா துடிச்சுது."

"என்னுது?"

"பேசாம வா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவளைத் தோளோடு அணைத்து வேனுக்கு அழைத்து வந்தார். கதவைத் திறக்க மறு கையை நீட்டியபோதுதான் இருவரும் பார்த்தார்கள்: அதில் பொம்மைக் கை.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? விடுங்க."

அவர் உதறினார். இன்னொரு முறை உதறினார்.

"நான் எப்பவோ விட்டுட்டேன்" என்றார்.